சாய்ந்த வெளிச்சத்தில் தாராசுரம்

அரைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டால் கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு விடியற்காலை என்பது கோயில் பொங்கல்தான். மார்கழிப் பனியில் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றால், நெய் வடியும் வெண்பொங்கல் தொன்னையில் விழும். அந்த வருஷம் எங்களில் ஏழெட்டுப் பேர் பொங்கலை விட்டுவிட்டு, தஞ்சாவூர் ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தாராசுரத்துக்குப் போனோம். எங்களைக் கூப்பிட்டவர் டிராயிங் சார்.

“சூரியன் கோயிலுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நாம அங்க நிக்கணும்டா. பத்து மணிக்கு மேல போனாலும் சிலையெல்லாம் அங்கதான் இருக்கும். ஆனா உங்க கண்ணுக்குத் தெரியாது” என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். சிலை இருந்தும் எப்படித் தெரியாமல் போகும் என்று எங்களுக்குள் ஒரே சர்ச்சை. அந்தக் கேள்வியே பாதிப் பேரை எழுப்பிவிட்டது.

சார் நாலுமுழ வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருப்பார். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்: ஒரு நோட்டு, இரண்டு பென்சில், தட்டையான ஒரு பிரஷ். அன்று புதிதாக, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டாரே தவிரச் சொல்லவில்லை.

தாராசுரத்துக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் ஊர் அது. ஒரு தெருவில், தெரு நீளத்துக்கும் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்று ஆணும் பெண்ணுமாக நின்று, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். சார் நின்றார்.

“பாவுல எத்தன இழ இருக்கு, தெரியுதா?”

தெரியவில்லை. ஏதோ ஒரு நிறம் மங்கலாகத் தொங்கியது. “குனிஞ்சு, பக்கத்துலேர்ந்து பாருங்க” என்றார். குனிந்து, பாவின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனோம். கீழ்வானத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு பட்டிழையும் தனித்தனியாக மின்னியது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, “தொட்டுடாதீங்க தம்பி” என்றார். “தொட மாட்டாங்க ஐயா, பாக்கத்தான் சொல்லிக் குடுக்கிறேன்” என்றார் சார். அன்றைய பாடம் கோயிலுக்கு வெளியிலேயே, அந்தத் தெருவிலேயே தொடங்கிவிட்டது.

ஐராவதேசுவரர் கோயிலுக்கு முன்னால் ஒரு பெரிய கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. மேலே ஒன்றும் இல்லை. அதன் மாடங்கள் பலவும் வெறுமையாகக் கிடக்கின்றன. எந்த மாடத்தில் எந்தத் தெய்வம் இருந்தது என்று கல்லிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். தெய்வம் போன பிறகும் பெயர் இருக்கிறது. சார் அந்த எழுத்துகளுக்கு எதிரில் பிரஷ் நுனியைக் காற்றில் ஓட்டிக் காட்டினார். எந்தச் சிற்பத்தையும் அவர் விரலால் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. கல்லுக்கு ஓர் அங்குலம் தள்ளியே அந்தப் பிரஷ் நிற்கும். புள்ளி இல்லாத எழுத்துகளை எங்களில் ஒருவன் தட்டுத் தடுமாறி வாசித்ததும் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கோயிலின் தரை தெருவைவிடத் தாழ்ந்தது. படியிறங்கித்தான் போக வேண்டும். நந்திக்கு அருகில் பலிபீடம். அதன் கல் படிகள் ஒவ்வொன்றும் தட்டினால் ஒவ்வொரு சுரமாக ஒலிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. “தட்டிப் பார்க்கலாமா சார்?” என்று கேட்காத பிள்ளை இல்லை. “எல்லாரும் ஆளுக்கொரு கல்ல எடுத்துத் தட்டினா, நாளைக்கு வர்றவனுக்குப் படியே இருக்காதேடா” என்றார். இன்று அந்தப் படிகளைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். வந்தவர்களெல்லாம் கல்லால் தட்டித் தட்டிப் படிகள் சிதைந்ததுதான் காரணம்.

வானம் வெளுத்திருந்தது. வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் கோயிலை ஒரு முறை முழுக்கச் சுற்றி வரச் சொன்னார். நோட்டை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. சுற்றி வந்தோம். கல், கல், மேலும் கல். மேலே விமானம் உயரமாக நின்றது. “என்ன பாத்தீங்க?” என்று கேட்டதற்கு ஒருவன் “கோபுரம் சார்” என்றான், இன்னொருவன் “தேர் சார்” என்றான். அதற்குமேல் யாரிடமும் பதில் இல்லை. சார் தலையாட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினார்.

முதலாம் ராஜராஜன் தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010இல். அந்த விமானம் 200 அடிக்கும் மேல். அவன் மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டினான். அதற்கும் ஒரு நூறு வருஷத்துக்குப் பிறகு, 12ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் ராஜராஜன் கட்டியது இந்தக் கோயில். அப்போது இந்த ஊருக்கு ராஜராஜபுரம் என்று பெயர். இங்கே விமானம் ஏறத்தாழ 80 அடிதான். “தாத்தன் கட்டினதவிடப் பெருசா கட்டணும்னு இவன் நெனக்கலடா. பெருசு ஏற்கெனவே கட்டியாச்சு. இனிமே சின்னதுல என்ன செய்ய முடியும்னு பாத்தான்” என்றார் சார். அரசியல் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம், சோழ அரசின் கை தளரத் தொடங்கிய காலம் அது என்று பிற்பாடு படித்தும் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இந்தக் கோயிலின் எதிரில் நிற்கும்போதெல்லாம் சார் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். கட்டிய அரசனின் பட்டப்பெயர் அது. சக்கரம் பூட்டி, குதிரை பூட்டி, கல்லையே தேராக்கி வைத்திருக்கிறார்கள். திரிபுரம் எரிக்கச் சிவன் ஏறிப் போன தேர் என்று சொல்வதுண்டு. ஒடிசாவில் கொனாரக் சூரியன் கோயிலைத் தேராகக் கட்டியது இதற்குச் சுமார் நூறு வருஷம் பிந்தித்தான். குதிரையின் கழுத்துத் திமிறலைப் பார்த்தால் மண்டபம் நகர்ந்துவிடும்போல் இருக்கும்.

அங்கே ஒரு சிறு கல்லுக்கு முன்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். காளையும் யானையும் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டு உடலுக்கும் தலை ஒன்றுதான். கல்லில் படாமல் தன் உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடலை மறைத்தார். நிமிர்ந்து பார்க்கும் காளை. கையை மறுபக்கம் மாற்றினார். தும்பிக்கையைத் தாழ்த்திய யானை. கண் அதே கண். திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி நாங்கள் நச்சரித்தோம். பிறகு ஒவ்வொருவனும் தன் கையாலேயே மறைத்துப் பார்த்தான். “இந்தக் கண்ண செதுக்குறப்போ அந்தச் சிற்பி மனசுல எந்த மிருகம் இருந்திருக்கும்?” என்று சார் கேட்டார். காளை என்றான் ஒருவன். யானை என்றான் அடுத்தவன். “ரெண்டும் சேந்தே இருந்திருக்கணும். இல்லேன்னா கோடு தப்பிடும்” என்றார் அவர். ஓவியம் பயின்ற ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும்.

அதற்குள் வெயில் மதிலைத் தாண்டிவிட்டது. மார்கழியில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, தெற்கே தள்ளி உதிக்கும். கிழக்குப் பார்த்த கோயிலின் தெற்குச் சுவரில் காலை வெளிச்சம் நேரே விழாமல் சுவரை உரசிக்கொண்டே போகும். முதலில் தேர் மண்டபத்தின் நிழல் அந்தச் சுவரை மூடியிருந்தது. வெயில் ஏற ஏற நிழல் பின்வாங்கியது. அது விலகிய இடமெல்லாம் கல்லிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். சற்று முன் நாங்கள் வெறும் கல் என்று கடந்துபோன அடித்தளத்தில் மூக்கு, முழங்கை, சடை, வில், குடம், மரத்தின் இலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கிடைத்து, நிழலால் உருவம் கிடைத்தது. சிலை இருந்தும் தெரியாமல் போவது எப்படி என்று அப்போது புரிந்தது. உச்சி வெயிலில் இந்த நிழல்கள் இருக்காது. புடைப்பு முழுவதும் தட்டையாகிவிடும்.

“இப்போ பாருங்க. அறுபத்துமூவரும் வந்துட்டாங்க” என்றார் சார்.

பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். அந்தக் குலோத்துங்கனின் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன். அப்பா காலத்தில் பாட்டாக வந்ததை மகன் கல்லில் வெட்டி வைத்தான். ஒரு முழ உயரம்கூட இல்லாத சிறு சிறு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாயனார், ஒரு சம்பவம், பக்கத்தில் பெயர். பெரியவர்கள் அவற்றைப் பார்க்கச் சற்றுக் குனிய வேண்டும். எங்களுக்கு அவை கண்ணுக்கு எதிரே இருந்தன.

சார் ஒவ்வொரு கதையாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். குங்கிலியக் கலயர் வந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் குதித்தான். திருப்பனந்தாள் அவன் சொந்த ஊர். அங்கே சாய்ந்திருந்த லிங்கத்தை அரசனின் யானைகள் கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. கலயர் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்தார், லிங்கம் நிமிர்ந்தது. “எங்க பாட்டி சொல்லும் சார் இந்தக் கதய” என்று அவன் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தன் பாட்டி வாயால் கேட்டதை எண்ணூறு வருஷத்துக்கு முந்திய கல்லில் பார்க்கிறவனுக்கு வேறெப்படி இருக்கும்!

“இவங்கல்லாம் யாருன்னு நெனக்கிறீங்க? எல்லாம் நம்ம பக்கத்து ஊர்க்காரங்கடா” என்றார் சார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலை வீசிய அதிபத்தர், தில்லையில் பானை வனைந்த திருநீலகண்டர், ஆதனூர் நந்தனார், காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்த அம்மையார், திருவாரூரில் கண் தெரியாமலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம் வெட்டிய தண்டியடிகள். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்கள். அந்த வரிசையில் அரசர்களும் உண்டு. ஆனால் அரசருக்கென்று பெரிய கல் ஒதுக்கவில்லை. மீன் பிடித்தவரும் மண் பிசைந்தவரும் முடி சூடியவரும் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள்.

எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தது அவிநாசிக் கதைதான். குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. வருஷங்கள் போயின. சுந்தரர் அந்த ஊருக்கு வந்தபோது ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. தப்பித்த பிள்ளைக்கு அங்கே மேளம் கொட்டுகிறது, போன பிள்ளையை நினைத்து இங்கே தாய் அழுகிறாள். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை கரைக்கு வந்து பிள்ளையைத் திருப்பித் தருகிறது. கல்லில் முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வந்துகொண்டிருக்கிறான்.

“சார், அவன் போனப்ப இருந்த மாதிரியே சின்னப் பையனாவா வந்தான்?”

“இல்லடா. இத்தன வருஷம் வீட்டுல இருந்திருந்தா எவ்வளவு வளந்திருப்பானோ அவ்வளவு வளந்து வந்தான்.”

யாரும் பேசவில்லை. போன வருஷங்களையும் சேர்த்தே அல்லவா அந்தத் தாய்க்குக் கொடுத்தது! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காவிரியில் போன பிள்ளையின் படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. அந்த அம்மாவின் முகம் எனக்கு அங்கே வந்தது. ஒரு முழம்கூட இல்லாத கல் ஒரு குழந்தைக்கு இவ்வளவையும் சொல்லிவிட முடியும் என்றால், அதைச் செதுக்கிய கையை நான் எப்படிக் கும்பிடாமல் இருப்பேன்!

வெயில் சூடேறிய பிறகு மண்டபத்துக்குள் போனோம். அங்கே தூண்களெல்லாம் இருட்டு. இப்போதுதான் சார் கண்ணாடியை எடுத்தார். ஒருவனை வெளியே வெயிலில் நிறுத்தி, கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சதுரமான ஒரு வெளிச்சம் தரையில் ஓடித் தூணில் ஏறியது. “கொஞ்சம் எடது பக்கம். அப்படியே நிறுத்து. இப்போ மெதுவாச் சாய்” என்று அவர் சொல்லச் சொல்ல, தூணின் கட்டங்களில் ஆடும் பெண்கள், மத்தளம் வாசிப்பவர்கள், உடம்பை வில்லாக வளைத்த வித்தைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கைவிரலை நீட்டினால் மறைந்துவிடும் அளவுள்ள உருவங்கள். அந்த அளவுக்குள் காலில் சலங்கை, இடுப்பில் மடிப்பு, காதில் தோடு. கண்ணாடி பிடிக்கும் வேலைக்கு எங்களுக்குள் போட்டி. சார் முறை வைத்தார்.

ஒரு கட்டத்தில் வெளிச்சம் நின்றது. இரண்டு பெண்கள் இருபுறமும் தாங்கிப் பிடித்திருக்க, நடுவில் பிரசவ வலியில் ஒரு பெண். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். “எதுக்குடா கூச்சம்? நாம எல்லாரும் இப்படித்தான் வந்தோம். உங்க அம்மாவ நெனச்சுக்கிட்டு நிமிந்து பாருங்க” என்றார் சார். அவர் குரலில் அதட்டல் இல்லை. நிமிர்ந்து பார்த்தோம். தாங்குகிறவர்களின் கைகளில் இருந்த அக்கறையைப் பார்த்தோம். சிவனும் தேவியும் இருக்கும் மண்டபத்தில் ஒரு பெண்ணின் நோவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோயில் என்பதைப் பற்றி எனக்கு இன்றும் இருக்கும் எண்ணத்தில் பாதி அந்தத் தூணிலிருந்து வந்தது.

கறுத்து வழவழப்பான கல்லில் செய்த பெரிய சிலைகளையும் காட்டினார். மூன்று முகமும் எட்டுக் கையும் கொண்ட அர்த்தநாரி. நரசிம்மத்தை அடக்கும் சரபர். கைகூப்பி நிற்கும் கண்ணப்பர். இங்கிருந்து போன சிலைகளைப் பற்றியும் சொன்னார். யானையை உரித்த கஜசம்ஹாரர், பிட்சாடனரும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகளும், ஒரு துவாரபாலகர். அந்தத் துவாரபாலகர் சோழ நாட்டுக் கல்லே அல்ல. முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே எழுதியிருக்கிறது. இவை எல்லாம் இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. பிற்பாடு அங்கே கஜசம்ஹாரரின் முன்னால் நின்றபோது, அதன் பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்பே ‘நீங்கள் எங்கள் தாராசுரத்துக்காரர் அல்லவா’ என்றுதான் மனசு கூப்பிட்டது. உடல் திருகிய வேகமும், உரித்த தோல் பின்னால் விரிந்து நிற்கும் விதமும் எனக்குப் பழகிய கையின் வேலை.

கடைசியாகத்தான் நோட்டை எடுக்கச் சொன்னார். ஆளுக்கொரு கல். முழுச் சிற்பத்தையும் வரையக் கூடாது, ஒரு கை அல்லது ஒரு பாதம் மட்டும். “ஒரு கைய ஒழுங்காப் பாத்தவன் சிலையப் பாத்தவன்” என்பார். நான் வரைந்தது அவிநாசிக் குளக்கரையில் நிற்கும் சுந்தரரின் கை. அதை வரைய எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. “ஆனி ஆடியில சூரியன் வடக்கே போகும். அப்போ வடக்குச் சுவத்துக்கு வருவோம்” என்று சொல்லித்தான் சார் எங்களைக் கிளப்பினார்.

தஞ்சைப் பெரிய கோயிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதில் சேர்த்தது. இப்போது புல்தரை இருக்கிறது, வழிகாட்டிகள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். எல்லாம் நல்லதுதான். என்றாலும் சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் வந்து நிற்கின்றன. இறங்கியவர்கள் தேர்ச் சக்கரத்துக்கு அருகில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கீழே அறுபத்துமூவர் வரிசை நிழலில்லாமல் தட்டையாகக் கிடக்கிறது. கடந்துபோகிறவர்களின் விரல் பட்டுப் பட்டுச் சில முகங்கள் மழுங்கிவிட்டன. பெரிய மழையில் தாழ்ந்த தரையெங்கும் தண்ணீர் தேங்குகிறது. அந்தச் சிறு கற்கள் கெட்டுப்போனால் செதுக்கிக் கொடுக்க அந்தக் கை மறுபடி வராது.

தாராசுரம் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். கதவு திறந்ததும் உள்ளே இருக்கும்படி போங்கள். மார்கழி, தையில் தெற்குச் சுவருக்குப் போங்கள், ஆனி, ஆடியில் வடக்குச் சுவருக்குப் போங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கட்டாயம் ஒரு பிள்ளையை அழைத்துப் போங்கள், நாயனார் கதைகளில் நாலைந்தாவது படித்துவிட்டுப் போங்கள். பிள்ளை ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. அதனால்தான் ஒரு சிற்பியின் கை எப்படி யோசித்தது என்று எங்களுக்குப் பத்து வயதிலேயே கொஞ்சம் தெரிந்தது. அந்த வாய்ப்பு இந்த ஊரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.